அக்கா ஒன்றும் செய்யாத பதினொரு மாதங்கள்

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினரிடமும் நண்பர்களிடமும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் யார் காலமானாலும் மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம்தான் வரும். பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவனிடம் ஏன் இந்த வேலையை ஒப்படைக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். மற்றவர்களுக்கு நேரமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. இதுவரை ஒன்பது எழுதியாயிற்று. ஒன்பது பேரையும் அன்பே உருவானவர்கள் என்று எழுதினேன். அவர்களில் இருவர் அப்படியில்லை. யாரென்று சொல்ல மாட்டேன். அந்த மலர்களும் உங்கள் வீட்டு அலுமாரிகளில்தான் இருக்கின்றன.

இது பத்தாவது. இதில் பொய் எழுதத் தேவையில்லை. ஆனால் உண்மையை எழுதத்தான் தடை இருக்கிறது. அக்கா சுகமாக இருந்த காலத்திலேயே எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"மலர் போடுறதெண்டா போடுங்கோ. ஆனா அக்கா அதைச் செய்தா, இதைச் செய்தா எண்டு எழுதாத. அதுகளால ஒருத்தரும் பரலோகம் போறேல்ல."

செய்தவற்றை விட்டுவிட்டு ஒருவரைப் பற்றி மலரில் என்ன எழுதுவது? பிறந்தார், இறந்தார் என்று இரண்டு வரியில் முடிக்கலாம். அச்சகத்தாரோ பதினாறு பக்கத்துக்குக் குறைய அடிக்க மாட்டோம் என்கிறார்கள். ஆகவே நிபந்தனையை மீறுகிறேன். அக்கா மன்னிப்பார். மன்னிப்பில் அவருக்கு என்னை விட நம்பிக்கை அதிகம்.

அக்கா கொழும்பு கொட்டாஞ்சேனையில், கோவில் மணி கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு ஒழுங்கை வீட்டில், துறைமுக அலுவலகத்தில் லிகிதராக வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். எனக்குப் பதினொரு வயது மூத்தவர். அம்மா காலமானபோது அக்காவுக்கு இருபது. ஆசிரியர் கலாசாலையில் கிடைத்திருந்த இடத்தை அந்த மாதமே விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்த செய்தியை எங்களுக்குச் சொல்லவேயில்லை. கலாசாலையிலிருந்து வந்த கடிதத்தைப் பல வருடங்களின் பின், தையல் மெஷினின் இழுப்பு லாச்சிக்குள் பொத்தான்களோடு கண்டெடுத்தேன். கேட்டபோது, "அப்ப சோறு ஆர் சமைக்கிறது?" என்றார். நான் அன்று தின்ற சோற்றை நினைத்துப் பார்த்தேன். நிறையத்தான் தின்றிருக்கிறேன்.

கலவர நாட்களில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பாடசாலை மண்டபத்தில் இரண்டு வாரம் அகதிகளாக இருந்தோம். அங்கே செருப்பில்லாமல் ஓடி வந்த ஒரு வயதான அம்மாவின் கால்களை அக்கா வாளித் தண்ணீரில் கழுவி, பிளந்துபோயிருந்த நகங்களைக் கத்தரித்துவிட்டார். இந்தக் கட்டுரையின் விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவருடைய காலைப் பார்த்தால் அவரைக் கவனிக்க ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று அக்கா சொல்வார்.

பின்னர் அக்கா வங்கியில் உத்தியோகம் பார்த்த அத்தானை மணமுடித்து வெள்ளவத்தைக்கு வந்தார். அத்தான் யாழ்ப்பாணத்துச் சைவர், நாங்கள் கத்தோலிக்கர். இரு வீட்டாரும் ஒரு வருடம் கதைக்கவில்லை. மகள் பிறந்தாள். யாருடைய மூக்கு என்று வாக்குவாதப்பட வேண்டியிருந்ததால் கதைக்கத் தொடங்கினார்கள்.

வெள்ளவத்தை மாடிவீடுகளை அறியாதவர்கள் இந்த மலரைப் பெறுபவர்களில் குறைவு. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள். தாய் தகப்பன் நான்காம் மாடியில் இருப்பார்கள். லிஃப்ட் இருக்கும், கமரா இருக்கும், பளபளவென்று நிலம் இருக்கும். எல்லாம் இருக்கும் அந்த வீடுகளில் குனிவதற்கு ஆள் இருக்காது. எழுபத்தைந்து வயதுக்கு மேல் தன் கால்விரல் எட்டுவதில்லை என்பதைப் பிள்ளைகளிடம் தொலைபேசியில் யாரும் சொல்வதும் இல்லை. அக்கா ஒரு துணிப்பையில் நகவெட்டி, சின்னக் கத்தரிக்கோல், துவாய், உப்புப் போத்தல் நான்கையும் போட்டுக்கொண்டு அந்தக் கதவுகளைத் தட்டத் தொடங்கினார்.

இதற்கு ஒரு நேர அட்டவணை வேறு இருந்தது. சைவ வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் நகம் வெட்டக் கூடாது. பொழுதுபட்டால் எந்த நாளும் கூடாது. முஸ்லிம் வீடுகளில் வெள்ளிதான் விசேஷம். கத்தோலிக்கருக்கு எந்த நாளும் சரி, ஆனால் முதலில் இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும், கதை கேட்க வேண்டும், நகம் கடைசியில்தான். நாள் கிழமையில் எந்த நம்பிக்கையும் இல்லாத அக்கா, எல்லோருடைய நாள் கிழமையையும் மனப்பாடமாக வைத்திருந்தார்.

இந்தக் காலத்தில்தான் அக்கா தெஹிவளையில் ஒரு சபைக்குப் போய் இரட்சிக்கப்பட்டு வந்தார். மறுபடி ஞானஸ்நானம் எடுக்கப் போவதாகச் சொன்னபோது நான் எதிர்த்தேன். வருடத்தில் இரண்டு நாள் பூசைக்குப் போகிற எனக்கு அன்று திடீரென்று திருச்சபைப் பற்று பொங்கியது.

"ஏற்கனவே கொட்டாஞ்சேனையில எடுத்தது என்னாச்சு?"

"அது நான் நித்திரையா இருக்கேக்க தலையில தண்ணி ஊத்தினது. இது முழிச்சிருக்கேக்க."

அன்று தொடங்கிய வாதம் இருபது வருடம் நடந்தது. ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டில் சோறு; சோற்றோடு வாதம். மனிதனை மீட்பது விசுவாசம் மட்டுமே, நற்கிரியையால் ஒரு படியும் ஏற முடியாது என்பது அக்காவின் பக்கம். விசுவாசம் மட்டும் இருந்து செயல் இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு என்பது என் பக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், செயலே பெரிது என்று மேசையில் அடித்துப் பேசியவன் சாப்பிட்ட கோப்பையைக் கழுவியதில்லை. செயலால் பயனில்லை என்றவர் என் கோப்பையையும் சேர்த்துக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"விசுவாசம் மட்டும் போதுமெண்டா ஏன் நீங்கள் ஊரில உள்ள காலெல்லாம் பிடிக்கிறீங்கள்?"

"லைட் எரியிறதால கரண்ட் வாறேல்ல தம்பி. கரண்ட் இருக்கிறதால லைட் எரியுது. அவ்வளவுதான்."

"அப்ப கரண்ட் பில்?"

"அது ஒருத்தர் கட்டியாச்சு. நீ அந்தக் கீரையைச் சாப்பிடு."

அத்தான் இந்த வாதங்களில் பங்குபற்றியதில்லை. "ஆர் வெண்டாலும் எனக்கு ரசம் ஊத்துங்கோ" என்பார்.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை காலை அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வலது கை துருவலையிலிருந்து நழுவியது. பாரிசவாதம். உயிர் தப்பியது, பேச்சு சற்றுக் குழறலோடு திரும்பியது, வலது கையும் வலது காலும் திரும்பவில்லை. சீனி வியாதியும் இருந்ததால் வைத்தியர்கள் அதிகம் வாக்குறுதி தரவில்லை.

அக்கா கட்டிலுக்கு வந்த முதல் மாதங்களில் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. அக்கா யாரையும் தன்னைத் தொட விடவில்லை. குளிப்பாட்ட வந்த பெண்ணை அத்தான் கெஞ்சித்தான் உள்ளே விட்டார். அவளும் முகம், கை, முதுகு மட்டும்தான். கால்களின் மேல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "என்ர காலில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்றார். நூறு பேருடைய கால்களை மடியில் வைத்தவர் சொன்னது இது. சபையிலிருந்து வந்தவர்கள் பாட்டுப் பாடினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஜெபத்தில் பரவசம் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கு அக்காவைத் தெரியும். அவர் நித்திரை போலக் கிடந்தது, கதைப்பதைத் தவிர்க்கத்தான்.

அவரைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலால் தேற்றப் போனேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அருகில் உட்கார்ந்து, இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினேன். எந்தெந்த மாடிகளுக்கு அக்கா போனார், யார் யாருக்கு நகம் வெட்டினார், யாருடைய புண்ணை முதலில் கண்டு வைத்தியரிடம் அனுப்பினார், எல்லாம் விபரமாக எழுதியிருந்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன்.

அக்கா முடியும்வரை கேட்டார். பிறகு கேட்டார்: "இது என்ர மலருக்கு எழுதினதோ?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் 'அன்னார்' என்று மூன்று இடத்தில் வாசித்துவிட்டேன்.

உயிரோடிருக்கும் தமக்கைக்கு அவருடைய நினைவு மலரை வாசித்துக் காட்டி ஆறுதல் சொன்ன தம்பி இந்தக் கொழும்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பத்து வரி எழுதினால் அதில் ஒன்பது வரி இரங்கலாக வருகிற கை இது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா கோபிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"முழுக்கச் 'செய்தார்', 'செய்தார்' எண்டு கிடக்கு. இப்ப என்ன செய்யிறார்?"

நான் தாள்களை மடித்தேன்.

"இருபது வருஷமா மற்றவைக்குச் சொன்னன். ஒண்டும் செய்யத் தேவையில்லை, நம்பினாப் போதும், அவர் ஏற்றுக்கொள்ளுவார் எண்டு. அப்ப எனக்குக் கை இருந்தது. சொல்ல லேசா இருந்தது. இப்ப விசுவாசம் மட்டும்தான் மிச்சம். அது தனிய நிக்குமோ எண்டு தெரியேல்ல, தம்பி. ஒண்டுக்கும் உதவாத என்னை அவர் என்னத்துக்கு வைச்சிருக்கிறார்?"

"நீங்கள்தானே சொன்னீங்கள், செய்யிறதைப் பாத்து அவர் ஏற்றுக்கொள்ளுறேல்ல எண்டு" என்றேன். இருபது வருடம் நான் மறுத்த கட்சியை, அன்று பின்னேரம் அக்காவுக்கு எதிராக அக்காவிடமே வாதாடினேன்.

"நீ நம்பாததை எனக்குச் சொல்லாத" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த இரண்டு பக்கங்களையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழித்தேன். இந்தக் கட்டுரை அவற்றிலிருந்து எழுதப்பட்டதல்ல என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

ஐந்தாம் மாதம், வலது காலின் பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கத் தொடங்கியது. சீனி வியாதிக்காரருக்கு அது சிறு விஷயமல்ல; விரல் போகலாம், கால் போகலாம் என்று வைத்தியர் சொன்னார். அத்தான் சொல்லிப் பார்த்தார். மகள் மெல்பேர்னிலிருந்து வீடியோவில் அழுது பார்த்தாள். அக்கா போர்வையை விடவில்லை.

அப்போதுதான், ஒரு வெள்ளிக்கிழமை, கீழ் மாடியிலிருந்து நஸீமா ராத்தா வந்தார். முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்றால் மூத்த சகோதரி; நஸீமா ராத்தாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல். இரண்டு முழங்காலும் சரியில்லை. ஒரு கண்ணில் பார்வை மங்கல். அக்காவின் வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்களில் முதலாமவர். அன்று தன் வீட்டுப் பச்சை பிளாஸ்டிக் பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்து, கதிரையில் உட்கார்ந்து, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"கால நீட்டுங்க."

"வேண்டாம் ராத்தா. எனக்கு ஒருமாதிரி இருக்கும்."

"எனக்கு இருக்கல்லயா?" என்றார் ராத்தா. "நீங்க மொத நாள் வந்தப்ப எனக்கு எவ்வளவு வெக்கமா இருந்திச்சி தெரியுமா? என்ட மகளுக்குக் கூட நான் அந்தக் கால காட்டினதில்ல. நகமெல்லாம் மாட்டுக் குளம்பு மாதிரி. ஆனா நீங்க பையத் தூக்கிட்டு அவ்வளவு ஆசையா வந்து நிண்டீங்க. இல்லண்டு சொன்னா ஒங்கட மொகம் வாடிப் போகும். அதுக்குத்தான் குடுத்தன். எத்தன வருஷம் குடுத்தன்? இப்ப நீங்க ஒரு நாள் குடுங்க."

அக்காவின் முகத்தில் நான் அதற்கு முன் கண்டிராத ஒரு திகைப்பு இருந்தது. தான் கொடுத்துக்கொண்டிருந்ததாக நினைத்த அத்தனை வருடமும், அந்த நான்காம் மாடிகளிலும் மூன்றாம் மாடிகளிலும் இருந்தவர்கள் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு தனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு ஒருபோதும் தோன்றியிருக்கவில்லை. எனக்கும்தான்.

வாசலில் நின்ற அத்தான் மெல்லச் செருமினார். "இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ. வீட்டுக்குள்ள நகம் வெட்டிறதே?"

"வெள்ளிக்கிழம தான் நல்லம்" என்றார் ராத்தா.

"ரெண்டு பேரும் பேசாம இருங்கோ" என்றார் அக்கா. இடது கையால் போர்வையை விலக்கினார். "தம்பி, சுடுதண்ணி கொண்டா. கையை விட்டுப் பாத்துக் கொண்டா."

ராத்தாவின் கண்ணை நம்பி நகவெட்டியைக் கொடுக்க முடியாது என்பதால் அந்தப் பணி எனக்கு வந்தது. என் நகத்தையே நான் பல்லால் முடிப்பவன். உப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்து, துவாயால் ஒற்றி, மடியில் வைத்துக்கொண்டேன். அக்காவின் காலை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. அக்கா கற்பித்தபடி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். ராத்தா மேற்பார்வை. பெருவிரல் தப்பியது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாம் விரலில் நகவெட்டி தோலைக் கடித்துவிட்டது. ஒரு பொட்டு இரத்தம்.

அக்கா குனிந்து பார்த்தார். "இதுதானோ நீ இருபது வருஷமா சொன்ன நற்கிரியை?"

ராத்தா சிரித்தார். அத்தான் சிரித்தார். அக்கா சிரித்ததில் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. மருந்து போட்டு, மற்றக் காலையும் முடித்தபோது ராத்தா போய்விட்டிருந்தார். அக்கா என் மடியில் காலை வைத்தபடியே நித்திரையாகிவிட்டார். இந்த முறை உண்மையான நித்திரை, குறட்டை வந்தது. அசைந்தால் எழும்பிவிடுவார் என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே இருந்தேன். என் கால் இரண்டும் விறைத்துப் போயின. ஒன்றும் செய்யாமல் இருந்து நான் ஒருவருக்கு உபயோகமாக இருந்தது அன்றுதான்.

அதன் பிறகும் அக்காவுக்குப் பயம் வந்த நாட்கள் உண்டு. எல்லாம் ஒரே நாளில் தெளிந்தது என்று எழுதினால் அவர் எழும்பி வந்து திருத்துவார். ஆனால் கால்களை மறைக்கவில்லை. குளிப்பாட்ட வந்த பெண்ணின் பெயரைக் கேட்டு அறிந்துகொண்டார். ஒருநாள் என்னிடம், "வாங்கிறதும் லேசில்ல, என்ன?" என்றார். நான் வாழ்க்கை முழுவதும் அதை மட்டும்தான் செய்திருக்கிறேன், எனக்கு லேசாகத்தான் இருந்தது என்றேன். "அது நீ வாங்கினதெண்டு தெரியாமலே வாங்கினது" என்றார். இந்த வாதத்திலும் எனக்குத் தோல்வி.

பதினோராம் மாதத்தில், ஒரு புதன்கிழமை காலை, தேத்தண்ணி கேட்டார். அத்தான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். முகம் அமைதியாக இருந்தது. எல்லா மலரிலும் அப்படித்தான் எழுதுவேன். இந்த முறை நானும் அத்தானும் நேரில் கண்டோம்.

அக்காவின் சார்பில் நன்றி கூறும் கடமை இருக்கிறது.

அத்தான் எழுபது வயதில் புட்டு அவிக்கப் பழகினார். முதல் இரண்டு மாதமும் அது புட்டு என்பதை விசுவாசத்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ள முடிந்தது. பிறகு நன்றாக வந்தது. அக்கா இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் வேலையை விட்டுவிட்டு மூன்று தடவை பறந்து வந்தாள். கொட்டாஞ்சேனை உறவினர்கள், அக்கா வேண்டாம் என்று சொல்லியும், அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். அத்தானின் பகுதியார் கோவிலில் அர்ச்சனை செய்தார்கள். கடைசி மாதங்களில் அக்கா இரண்டையும் மறுக்கவில்லை. மாடிவீட்டுப் பெரியவர்கள் பலர், தடியூன்றி, லிஃப்ட் பழுதான நாட்களிலும் படியேறி வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார்கள். நஸீமா ராத்தா ஒவ்வொரு வெள்ளியும் தொழுகை முடிந்ததும் வந்தார். மருத்துவமனையிலும் வீட்டிலும் அக்காவைத் தூக்கியும் திருப்பியும் கழுவியும் விட்ட பெண்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

முடிவாக, சபையின் பாஸ்டருக்கு. வயதில் அக்காவை விட மிகவும் இளையவர். கழுத்தில் டை இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. அக்கா போவதற்கு ஒரு மாதம் முன்னர் ஜெபிக்க வந்தவர், கட்டிலருகே நின்று, அவர்கள் சபையில் மரணப்படுக்கையில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"சிஸ்டர், இரட்சிப்பின் நிச்சயத்தோட இருக்கிறீங்களா?"

நான் கேட்கப் பயந்த கேள்வி அதுதான்.

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு இடது கையால் போர்வையை ஒதுக்கி, இடது காலை மெல்ல அவர் பக்கமாக நீட்டினார்.

"நகம் வளந்து போச்சு, பாஸ்டர்."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலடியில் இருந்த பேசினைப் பார்த்தேன். அவர் பைபிளை மேசையில் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் மேல் வைத்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து, சின்ன விரலிலிருந்து தொடங்கினார்.